தோப்பூர் மாஸ்டரும் நான் கையெழுத்து வைக்காத சத்தியக் கடதாசியும்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களில் சிலர் ஒரே குறையைச் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். கணினியைத் திறந்தால் அன்றைக்கு அழைக்க வேண்டியவர்களின் பெயர்கள் மட்டும்தான் தெரிகின்றன. முழுப் பட்டியலையும் பார்க்க முடியவில்லை. ஓர் இலக்கத்தைக்கூடப் பிரதி எடுக்க விடுவதில்லை. எங்களைக் கள்ளர் என்றா நினைக்கிறார்கள் என்று கேட்டீர்களாம். ஓய்வு பெற்ற பிறகும் கந்தோரில் நடக்கும் புதினம் என் காதுக்கு வந்துவிடுகிறது. அந்த ஏற்பாட்டைச் செய்தவள் நான்தான். ஏன் செய்தேன் என்பதை உங்களுக்கு எழுதித் தரும்படி முதலாளி கேட்டார். அவரைப் பற்றியும் எழுத வேண்டி வரும் என்றேன். "எழுதுங்க அக்கா, நடந்தது தானே" என்றார்.

நான் சேர்ந்த காலத்தில் நம் கந்தோர் ஓர்ஸ் ஹில்லில் ஒரு வீட்டின் மேல்மாடியில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்துக் காற்று மேசையில் இருக்கும் காகிதங்களையெல்லாம் கிளப்பிவிடும் என்பதால் அதை எப்போதும் பூட்டியே வைத்திருப்போம். அப்போதும் இதே வியாபாரம்தான்: வீட்டுக்கு நீர் வடிகட்டி விற்பது. விற்றதோடு முடிவதில்லை. உள்ளே இருக்கும் பகுதியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். யாருக்கு எப்போது மாற்ற வேண்டும் என்று தெரிந்து, அந்த நேரத்துக்கு அழைத்துக் கேட்கிற கடைக்குத்தான் வியாபாரம் போகும். ஆகவே நம் கடையின் உண்மையான சொத்து கீழே களஞ்சியத்தில் இல்லை. அழைப்புப் பட்டியலில் இருந்தது. அதைப் பராமரிப்பது என் வேலை.

பட்டியலில் முதலில் மூன்று நிரல்கள்தான் இருந்தன: பெயர், ஊர், தொலைபேசி இலக்கம். நான்காவது நிரல் ஓர் அழுகையால் வந்தது. நிலாவெளியில் ஒரு வீட்டுக்கு எங்கள் பிள்ளை ஒருத்தி அழைத்து, பட்டியலில் இருந்த ஆண் பெயரைச் சொல்லி, அவர் இருக்கிறாரா என்று கேட்டாள். "அவர் இல்லை" என்றார் அந்த வீட்டுப் பெண். எங்கள் பிள்ளை வழக்கம் போல, "எப்ப வருவார்?" என்றாள். அந்த மனிதர் இறந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அழைத்தவள் பிறகு குசினிக்குள் போய் அழுதுகொண்டிருந்தாள். அன்றைக்கே நான்காவது நிரலைத் திறந்தேன். 'எப்படிக் கதைப்பது' என்று அதற்குத் தலைப்பு. 'கணவர் காலமாகிவிட்டார், அவர் பெயரைச் சொல்ல வேண்டாம்.' 'அஸர் தொழுகைக்குப் பிறகு மட்டும்.' 'மகன் வெளிநாட்டில், அவனைப் பற்றி விசாரித்தால் சந்தோஷப்படுவார்.' 'காது மந்தம், ஆறுதலாகக் கதைக்கவும்.' 'டீச்சர் என்று கூப்பிடவும்.' அழைக்கும் பிள்ளைகள் சொல்லச் சொல்ல நான் எழுதிவந்தேன். சில வருடங்களில் இலக்கங்களைவிட இந்த நிரல்தான் பெறுமதியானது என்று எல்லோருக்கும் விளங்கிவிட்டது. இலக்கத்தை யாரும் தேடிப் பிடிக்கலாம். எப்படிக் கதைப்பது என்பது நம்மிடம் மட்டும்தான் இருந்தது.

ரிசானா மூதூர்ப் பிள்ளை. அந்த நிரலில் பாதிக்கு மேல் அவள் சொல்லி நான் எழுதியது. குழந்தை பிறந்த பிறகு தினமும் பட்டினத்துக்கு வந்துபோவது அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. மூதூரிலேயே இன்னொரு நீர் வடிகட்டிக் கடை திறந்ததும், முறையாக அறிவித்துவிட்டு அங்கே சேர்ந்தாள். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். கணவனுக்கு நிரந்தர வேலை இல்லை. அவளுடைய சம்பளத்தில்தான் வீடு ஓடியது. போகும்போது எனக்கு ஒரு பெட்டி தொதல் இனிப்புத் தந்துவிட்டுப் போனாள்.

அவள் போய்ச் சில மாதங்களில், ஒரு சனிக்கிழமை காலை, முதலாளி படியேறி நேரே என் மேசைக்கு வந்தார்.

"அக்கா, அந்தக் கதவைச் சாத்துங்க."

சாத்தினேன். அவர் கதிரையில் உட்காரவில்லை.

"ரிசானா நம்மட பட்டியலைத் தூக்கிட்டுப் போயிட்டா."

"ஆர் சொன்னது?"

"ஆரும் செல்லல்ல. என்ட இந்தக் காதால கேட்டனான். தோப்பூர் இஸ்மாலெப்பை மாஸ்டரைத் தெரியும் தானே?"

"தெரியாமல் என்ன? ஆறு மாதத்துக்கு ஒருக்கா ஒழுங்கா மாத்துற ஆள். மாஸ்டர் எண்டு கூப்பிடவேணும் எண்டு நாலாவது நிரலில இருக்கு."

"அப்பிடி ஒரு ஆளே இல்ல, அக்கா."

நான் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடி எடுத்தேன்.

"அது என்ட சாச்சா. வாப்பாட தம்பி. பேரும் பொய், மாஸ்டரும் பொய். மனுசன் படிக்கவே பள்ளிக்கூடம் ஒழுங்காப் போகல்ல, படிப்பிக்கவா போனவர்? வயல் செய்ற ஆள். ஊரில ஒருத்தரும் அவரை மாஸ்டர் எண்டு கூப்பிடமாட்டாங்க. பட்டியலைக் களவெடுக்கிற ஆள் மட்டும்தான் கூப்பிடும். அதுக்குத்தான் அந்தப் பேரைப் போட்டு வெச்சனான். பொறி."

நான் வரிக்கு வரி பார்த்துப் பராமரிக்கும் பட்டியலில் எனக்கே தெரியாமல் இல்லாத மனிதர் ஒருவர் இருந்திருக்கிறார். அதைப் பற்றிச் சண்டை பிடிக்க அது நேரமில்லை.

நடந்தது இதுதான். முதல் நாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடிந்து சாச்சா வீட்டில் முதலாளி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தொலைபேசி அடித்தது. சாச்சாவுக்குக் காது சற்று மந்தம் என்பதால் எப்போதும் ஒலியைப் பெருக்கியே வைத்திருப்பார். "அஸ்ஸலாமு அலைக்கும் மாஸ்டர், பில்டர் மாத்த நாளைக்கு ஆளனுப்பவா?" என்று வந்த குரல் ரிசானாவுடையது. மூதூர்க் கடையிலிருந்து.

"சாச்சா என்ன சொன்னவர்?" என்று கேட்டேன்.

"என்னத்தச் சொல்ற? போனை அமத்திட்டுக் கறிச்சட்டியைப் பார்த்துட்டு இருந்தார். பாவம், அவருக்குப் பதட்டம்."

அன்று பின்னேரமே முதலாளி மூதூர்க் கடைக்காரருக்குத் தொலைபேசி எடுத்து, உன் கடையில் கள்ளி இருக்கிறாள் என்று கத்தியிருக்கிறார். இனி வழக்கு. நமது சட்டத்தரணியைக் கொண்டு மூதூர்க் கடைக்குத் தடை உத்தரவு கேட்பது. ரிசானாமேல் பொலிசில் முறைப்பாடு. அதற்கு முதலாவதாக, நீதிமன்றத்தில் கொடுக்க நான் சத்தியம் செய்து கையெழுத்து வைத்த சத்தியக் கடதாசி வேண்டும். தட்டச்சுச் செய்தே கொண்டுவந்திருந்தார்.

மூன்று விடயம்தான் அதில் இருந்தது. பட்டியல் என் பொறுப்பில் இருந்தது. தோப்பூரில் இருக்கும் இந்த இலக்கத்துக்குரியவரை 'மாஸ்டர்' என்று குறிப்பிடுவது அந்தப் பட்டியல் மட்டுமே. ரிசானா வேலை செய்த காலத்தில் பட்டியலைப் பார்க்கும் வாய்ப்பு அவளுக்கு இருந்தது. மூன்றும் உண்மை. ஒரு சொல்கூடப் பிழையில்லை.

பேனையை எடுத்துவிட்டுக் கீழே வைத்தேன். மூன்று வரிகளையும் சேர்த்து வாசிக்கிறவர் யாரும் நான்காவது வரி ஒன்றைத் தாமே நினைத்துக்கொள்வார்: ரிசானா களவெடுத்தாள். அந்த வரி கடதாசியில் இல்லை. ஆனால் அதை நம்பவைக்கத்தான் மற்ற மூன்றும் எழுதப்பட்டிருந்தன. அது எனக்குத் தெரிந்த விடயமில்லை.

"என்ன யோசிக்கிறீங்க? பொய் ஒண்டும் இல்லையே."

"பொய் இல்லை, முதலாளி. சாச்சாட்டக் கேட்டனீங்களா? அந்தப் பிள்ளை எப்படி எடுத்தது எண்டு?"

"அவரட்ட என்னத்தக் கேக்கிற? என்ட காது செவிடா?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "அக்கா, பட்டியல் உங்கட கையில இருந்தது. களவு போனதெண்டா முதல் கேள்வி உங்களட்டத்தான் வரும். நான் உங்களுக்கு நல்லதுக்குத்தான் சொல்றன்."

அது மிரட்டல் இல்லை. அவர் உண்மையாகவே அப்படி நினைத்தார். ஆனால் அதைக் கேட்ட பிறகுதான் நான் நிதானமாக இருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. ஒரு கையெழுத்து என்னைக் காப்பாற்றும் என்று யாராவது சொன்னால், அது யார் தலையில் போய் விழுகிறது என்று பார்க்க வேண்டும். உங்களுக்கும் அப்படி ஒரு நாள் வரும். வரும்போது ஒரு இரவு அவகாசம் கேளுங்கள். தரமாட்டோம் என்று சொல்பவர்கள் குறைவு.

நான் அவகாசம் கேட்கவில்லை. சட்டத்தரணியிடம் கேட்கலாம் என்றேன். என்னைவிட இருபது வயது இளைய பெண் அவர். கதை குறைவு. எல்லாவற்றையும் தொலைபேசியில் கேட்டுவிட்டு, "அந்தச் சாச்சாட வாக்குமூலமும் வேணும். அவர்தானே அழைப்பை எடுத்தவர்," என்றார்.

"நான் நாளைக்கே போய் எழுதிட்டு வாறன்," என்றார் முதலாளி.

"நீங்கள் போகவேண்டாம் சேர். உங்களுக்கு முன்னால அவர் உங்களுக்கு விருப்பமானதைத்தான் சொல்லுவார். அக்கா போகட்டும். அக்கா, ஒண்டு சொல்றன்: அந்தப் பிள்ளையோட மட்டும் கதைச்சுப்போடாதீங்கோ. பிறகு நீங்கள் சொல்லிக் குடுத்ததாத்தான் கதை வரும்."

ஞாயிற்றுக்கிழமை கிண்ணியா வழியாகப் பஸ்ஸில் போனேன். மூதூரில் பஸ் நின்றபோது அந்தப் புதுக் கடை எதிரிலேயே இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மேசை, தொலைபேசி, கதிரை. கதிரையில் யாரும் இல்லை. எனக்கு முன்னால் இருந்த பெண் இறங்கப் போனவளிடம் சொன்னாள்: "அதில இருந்த புள்ளய வரவேணாமெண்டு சொல்லிட்டாங்களாம். என்னமோ களவாம்." இறங்கியவள், "யா அல்லாஹ்! ஆர்ர மகள்?" என்று கேட்டுக்கொண்டே போனாள்.

ஒரு தொலைபேசி அழைப்பு இரண்டு நாளில் பஸ் வரைக்கும் வந்துவிட்டது. அவளுடைய வீடு அங்கிருந்து நடக்கிற தூரம்தான். எனக்குக் கால் நிற்கவில்லை. இறங்கிப் போய், பிள்ளை பயப்படாதே என்று ஒரு சொல் சொல்லிவிட்டு வந்தால் என்ன? ஆனால் சட்டத்தரணி சொன்னது சரி. நான் அவளைப் பார்த்துவிட்டுத் தோப்பூருக்குப் போனால், அங்கே அவளுக்குச் சாதகமாக எது கிடைத்தாலும் அதன் பெறுமதி போய்விடும். பஸ் புறப்படும்வரை முன் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்த வேலையில் நான் செய்த கடினமான காரியம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

முதலாளி வழி சொல்லியிருந்ததால் சாச்சாவின் வீட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை. முற்றத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. சாரமும் பெனியனுமாக நின்று கோழி துரத்திக்கொண்டிருந்தவர், நான் கடையின் பெயரைச் சொன்னதும் உள்ளே ஓடிச் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்.

"இரிங்க தங்கச்சி, இரிங்க. மகன் அனுப்பினவனா?" அண்ணன் மகனான முதலாளியைத்தான் அவர் மகன் என்றார்.

"ஓம் நானா. வெள்ளிக்கிழமை வந்த அந்தப் போனைப் பற்றி நீங்கள் சொல்றதை எழுதிக்கொண்டு போகவேணும்."

"நானாவா?" வெறும் அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டதில் அவர் முகம் கொஞ்சம் வாடியது. "உங்கட கடைப் புள்ளயள் எல்லாம் மாஸ்டர் எண்டுதானே கூப்பிடுங்க."

"நீங்கள் மாஸ்டர் இல்லை எண்டு முதலாளி சொன்னவர்."

"இல்லத்தான். நான் பொய்யாள் தானே!" சிரித்தார். "மகன் வந்து சொன்னான், சாச்சா, நீங்க இனி இஸ்மாலெப்பை, ஆரும் மாஸ்டர் எண்டு கேட்டா ஓம் எண்டு சொல்லுங்க எண்டு. முதல்ல வெக்கமா இரிந்திச்சு. பிறகு நல்லா இரிந்திச்சு தங்கச்சி. அந்தப் போன் வாற நேரம் நான் ஒரு மாஸ்டர்."

தேநீர் வந்தது. நான் காகிதத்தை வெளியே எடுத்தேன். அதைக் கண்டதும் அவருடைய சிரிப்பு நின்றது.

"மூதூர்க் கடையிலயிருந்து அந்தப் பிள்ளை முதல்ல எப்ப எடுத்தது, நானா?"

அவர் முற்றத்தைப் பார்த்தார். நெல்லுக்குள் கோழி வந்துவிட்டதா என்று பார்ப்பது போல. கோழி வரவில்லை.

"மகன்ட்டச் செல்லுவீங்களா?"

"சொல்லத்தான் வேணும்."

"அப்ப எழுதாதீங்க."

"நானா, அந்தப் பிள்ளையை வேலைக்கு வரவேண்டாம் எண்டு நிப்பாட்டியாச்சு. மூதூர் பஸ்ஸில கள்ளி எண்டு கதைக்கினம்."

அவர் எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார்.

"அவ எடுக்கல்ல தங்கச்சி. நான்தான் எடுத்த."

பிறகு தடையில்லாமல் சொன்னார். பெற்றோல் தட்டுப்பாட்டுக் காலத்தில் கந்தோருக்கு யாரும் வர முடியாமல், பிள்ளைகள் எல்லோரும் தங்கள் சொந்தத் தொலைபேசியில் வீட்டிலிருந்து அழைத்தார்கள். உங்களில் பலர் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீர்கள். அப்படி ரிசானாவின் இலக்கம் இவருடைய தொலைபேசியில் நின்றுவிட்டது. அந்தப் போகம் பசளை இல்லாமல் இவருடைய வயல் போய்விட்டது. "ஒவ்வொருக்கா எடுக்கக்கொள்ளயும் அந்தப் புள்ள முதல்ல வயலத்தான் கேக்கும். எத்தன மூட நெல்லு வந்திச்சு மாஸ்டர் எண்டு கேக்கும். சாமான் விக்கிற ஆளுகள் வேற ஆரும் அப்பிடிக் கேட்டதில்ல." பிறகு ஒருநாள் இவர் வீட்டு வடிகட்டி ஒழுகத் தொடங்கியது. நம் கந்தோருக்குச் சொன்னார். ஆள் வரும் என்றார்கள். வரவில்லை. மறுபடி சொன்னார். அப்போதும் வரவில்லை. மகனிடம் சொன்னால் பெரிய கதையாகிவிடும் என்று பயந்து, ரிசானாவின் இலக்கத்துக்கு எடுத்தார்.

"அவ சொன்னா, நான் இப்ப அங்க இல்ல மாஸ்டர், நீங்க கந்தோருக்கே எடுங்க எண்டு. நான்தான் விடல்ல. நீ எங்க இரிக்கியோ அங்கயே வாங்கிறன், ஆளனுப்பு எண்டு சொன்ன. அதுக்குத்தான் அவ வெள்ளிக்கிழம எடுத்தா. மகன் முன்னால இரிக்கான். நான் என்னத்தச் செய்ற? மூத்தான்ட மகன்ட கடைய விட்டுட்டு எதிர்க்கடையில வாங்கிறன் எண்டு சோறு திண்டுட்டே செல்ல ஏலுமா?"

தொலைபேசியை எடுத்துக் காட்டினார். முதலில் அவர் எடுத்திருந்தார். பிறகுதான் அவள் எடுத்திருந்தாள். சொன்னதையெல்லாம் எழுதி வாசித்துக் காட்டினேன். கையெழுத்து வைக்கும் இடத்தில் விரலை வைத்தார்.

"மகன் கோபிப்பான்."

"கோபிப்பார்."

"கோபிக்கட்டும்," என்று சொல்லிவிட்டுப் பேனையை வாங்கினார். "கைநாட்டு இல்ல, தங்கச்சி. கையெழுத்துத்தான் வெப்பன். இவ்வளவு காலம் மாஸ்டரா இரிந்துட்டு!"

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து, மூதூர், தோப்பூர்ப் பக்கத்து வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவருக்கும் நானே அழைத்து, வடிகட்டி எப்படி இருக்கிறது, வேறு கடையிலிருந்து யாராவது எடுத்தார்களா என்று விசாரித்தேன். வேறு ஒருவரைக்கூட ரிசானா அழைத்திருக்கவில்லை. அந்த வேலையையும் செய்யாமல் நான் திங்கட்கிழமை யாருக்கும் முன்னால் போயிருக்க மாட்டேன். இரக்கப்படுகிறவர்கள்தான் இரண்டு மடங்கு சரிபார்க்க வேண்டும். இல்லாவிட்டால், உனக்கு அவள்மேல் பாசம் என்று ஒரே சொல்லில் எல்லாவற்றையும் தள்ளிவிடுவார்கள்.

திங்கட்கிழமை சட்டத்தரணியின் அறையில் முதலாளி சாச்சாவின் வாக்குமூலத்தை வாசித்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"ரெண்டு தரம் சொல்லியும் நம்மட ஆள் போகல்லையா?"

"போகேல்லை, முதலாளி."

கடதாசியை மடித்தார். உடனே நிமிர்ந்து, "சரி, இந்த விசயம் போகட்டும். பட்டியல் அவட கையில இல்ல எண்டு ஆருக்குத் தெரியும்? என்ட பட்டியலுக்குச் சட்டத்தில ஒரு பாதுகாப்பும் இல்லையா?" என்று சட்டத்தரணியிடம் கேட்டார்.

"இருக்கு சேர். புலமைச் சொத்துச் சட்டத்தில, வெளிப்படுத்தாத தகவல் எண்டு ஒண்டு இருக்கு. உங்கட பட்டியல் அதுக்குள்ள வரலாம். ஆனா மூண்டு கேள்வி இருக்கு. இந்த விபரம் எல்லாருக்கும் இலேசாக் கிடைக்குமா?"

"கிடைக்காது," என்றேன். "இலக்கம் கிடைக்கும். நாலாவது நிரல் கிடைக்காது."

"அது ரகசியமா இருக்கிறதாலதான் அதுக்குப் பெறுமதியா?"

"ஓம்."

"அதை ரகசியமா வைச்சிருக்க நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். சொல்ல வேண்டியவள் நான்தான்.

"பெற்றோல் தட்டுப்பாட்டுக் காலத்தில முழுப் பட்டியலையும் வட்ஸ்அப்பில எல்லாப் பிள்ளையளுக்கும் அனுப்பினனாங்கள். அவையவையின்ர சொந்தப் போனுக்கு."

"பிறகு திருப்பி எடுத்தனீங்களா? அழிக்கச் சொன்னனீங்களா? ரகசியம் எண்டு எழுதிக் கையெழுத்து வாங்கினனீங்களா?"

"இல்லை."

சட்டத்தரணி பேனையை மூடி வைத்தார்.

"அண்டைக்கு வேற வழி இரிந்திச்சா?" என்றார் முதலாளி. "கடையை மூடியிரிந்தா இத்தன பேருக்கும் சம்பளம்?"

"பிழை எண்டு சொல்லேல்லை சேர். ஆனா நீங்களே பூட்டாத அலுமாரியை இன்னொராள் உடைச்சதெண்டு நீதிமன்றத்தில சொல்ல ஏலாது. அதோட இன்னொண்டு இருக்கு. வழக்கெண்டா பட்டியலை அங்க காட்டவேணும். இந்த நாலாவது நிரல்." அவர் என்னிடமிருந்து அச்சுப் பிரதியை வாங்கிச் சில வரிகளை வாசித்தார். அந்த நிலாவெளிப் பெண்ணின் வரியும் அதில் ஒன்று. "இந்த மனுசியிட்ட, உங்கட புருசன் செத்ததை நாங்கள் எழுதி வைச்சிருக்கிறம் எண்டு சொல்லி அனுமதி கேட்டனீங்களா? தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கவும் ஒரு சட்டம் வந்திருக்கு. அது உங்களை எதிர்க்கடைக்காரரிட்ட இருந்து பாதுகாக்கிற சட்டமில்லை. இந்த வாடிக்கையாளரை உங்களிட்ட இருந்து பாதுகாக்கிறது."

எனக்கு அது சுருக்கென்று தைத்தது. நல்லதுக்கென்று நினைத்துத்தான் அந்த நிரலைத் திறந்தேன். அதை இன்னொருவர் வாயால் உரத்துக் கேட்கும்வரை, அது யாருடைய வாழ்க்கை என்று நான் யோசித்ததில்லை. இன்று நீங்கள் முதல் அழைப்பிலேயே 'இதைக் குறித்து வைக்கலாமா' என்று கேட்கிறீர்களே, அந்த வழக்கம் இந்த அறையில்தான் தொடங்கியது. அன்றைக்கு உரிய பெயர்கள் மட்டும் தெரிவதும், நீங்கள் சேர்ந்தபோது கையெழுத்து வைத்த அந்த இரண்டு பக்கமும் அப்படித்தான். உங்களைக் கள்ளராக நினைத்துச் செய்ததில்லை. நாளைக்கு நீங்கள் இன்னொரு கடைக்குப் போனால், எதை விட்டுவிட்டுப் போனீர்கள் என்பதற்கு நாங்களே சாட்சியாக இருக்க வேண்டும்.

சட்டத்தரணி ஒரு வழி சொன்னார். வழக்கும் வேண்டாம், முறைப்பாடும் வேண்டாம். ரிசானாவை மரியாதையாக அழைத்து, அன்று அனுப்பிய கோப்பு இருந்தால் அழிக்கச் சொல்லி எழுதி வாங்குவது. முதலாளி "சரி" என்றார்.

ரிசானா தாயுடன் வந்தாள். குழந்தை தாயின் தோளில் தூங்கியது. அவள் என்னைக் கண்டதும் சொன்ன முதல் வார்த்தை: "மிஸ், நான் களவெடுக்கல்ல."

"தெரியும் பிள்ளை. இரு."

அவள் இருக்கவில்லை. சட்டத்தரணி விளக்கியதும் தொலைபேசியை எடுத்துத் தேடினாள். குழந்தையின் படங்கள், கல்யாண வீட்டுப் படங்கள், எங்கள் பழைய குழுவின் ஸலாம்களும் பெருநாள் வாழ்த்துகளும். எல்லாவற்றுக்கும் கீழே அந்தக் கோப்பு அப்படியே இருந்தது.

முதலாளி கதிரையில் முன்னுக்கு வந்தார்.

ரிசானா தொலைபேசியை அவர் பக்கம் திருப்பினாள். "இது நீங்க அனுப்பினது தானே முதலாளி? கீழ உங்கட பேர்தான் கிடக்கு. அழிக்கச் சொல்லி ஆரும் செல்லல்ல. இருக்கெண்டே எனக்கு ஞாபகமில்ல." எங்கள் எல்லோருக்கும் முன்னால் அழித்தாள். பிறகு சட்டத்தரணியிடம் கேட்டாள்: "மிஸ், என்ட தலைக்குள்ள இரிக்கிறத என்ன செய்ற? ஆர்ர புள்ளைக்கு வருத்தம், ஆருக்கு எப்ப எடுக்கணும் எண்டெல்லாம் எனக்குப் பாடம். அதையும் அழிக்கணுமா?"

"அது வேலை செய்து வந்த அறிவு, தங்கச்சி. அது உங்கட. ஆனா அவையைத் தேடிப்போய் எடுக்கிறதுக்கு அதைப் பாவிக்காதீங்கோ. அவையாக் கேட்டு வந்தா வேற கதை."

"நான் ஆருக்கும் எடுக்கல்ல. மாஸ்டர்தான் எடுத்த."

"அவர் மாஸ்டர் இல்ல," என்றார் முதலாளி.

"என்ன?"

"வயல் செய்ற ஆள். என்ட சாச்சா. நான்தான் அப்பிடி எழுதி வெச்ச."

ரிசானா அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அப்ப நான் பிள்ளைக்கு இங்கிலிஷ் எந்த வயசில தொடங்கணும் எண்டு கேட்டதுக்கு அவ்வளவு நேரம் விளக்கம் தந்தாரே!"

அவளுடைய தாய்தான் முதலில் சிரித்தாள். குழந்தை விழித்துக்கொண்டது. ஆனால் ரிசானாவின் சிரிப்பு பாதியில் நின்றது. "மிஸ், இது எழுதிக் குடுத்தா அங்க என்னைத் திரும்ப எடுப்பாங்களா?" என்று என்னைக் கேட்டாள். "அந்த முதலாளி செல்றார், ஆளுக்கு மேல பழி இரிந்தா வெச்சுக்கொள்ள ஏலாதாம்."

மூதூர்க் கடைக்குக் கடிதம் ஒன்று எழுதலாம் என்று சட்டத்தரணி சொல்லிக்கொண்டிருந்தார். முதலாளி தம் தொலைபேசியை எடுத்து, மூதூர்க் கடைக்கு அழைத்தார். ஒலியைப் பெருக்கி மேசையில் வைத்தார்.

"நான்தான் கதைக்கிறன். வெள்ளிக்கிழம நான் சொன்னது பிழை. அந்தப் புள்ள என்ட கடையில இரிந்து ஒரு எழுத்தும் கொண்டு போகல்ல. விசாரிச்சுப் பார்த்துட்டுத்தான் சொல்றன். பஸ்ஸிலயும் கடைத்தெருவிலயும் ஆரும் கேட்டா, நான் சொன்னதாகவே செல்லுங்க."

"நாளைக்கு வரச் செல்லுங்க," என்றது மறுபக்கத்துக் குரல்.

ரிசானா தாயிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். கோப்பை அழித்ததாக எழுதிய கடிதத்தில் கையெழுத்து வைத்தாள். வாசல்வரை போனவள் திரும்பி நின்றாள்.

"முதலாளி, சாச்சா வீட்டு பில்டர் இன்னும் ஒழுகுது. உங்கட ஆளையே அனுப்புங்க. எனக்கு அந்த வியாபாரம் வேணாம்."

முதலாளி தலையை ஆட்டினார்.

"இல்ல புள்ள. அவர் கேட்டது உன்னட்ட. நீயே அனுப்பு."